மதுரையிலிருந்து ஸ்டார்ட்அப் போட்டிக்கு விண்ணப்பிப்பது எப்படி?

ஆண்டுதோறும் நடக்கும் ஸ்டார்ட்அப் போட்டிகளில் சேர நினைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலரும் எடுத்தவுடன் பிட்ச் டெக் (தொழிலை நடுவர்களுக்கு விளக்கும் ஸ்லைடுகள்) செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன. வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: பதிவு

மத்திய அரசு 2020-இல் தொடங்கிய தேசிய ஸ்டார்ட்அப் விருதுகளுக்கு டி.பி.ஐ.ஐ.டி. (மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை) அங்கீகாரம் வேண்டும். பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை), பதிவு செய்த கூட்டாண்மை என்றால் அது கிடைக்கும். தனிநபர் நிறுவனத்துக்குக் கிடைக்காது. இந்த அங்கீகாரத்துக்கு அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. வாங்கித் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் போகாதீர்கள், நீங்களே விண்ணப்பிக்கலாம்.

படி 2: விதிமுறை

பரிசு எந்த வடிவில் வருகிறது என்று பாருங்கள். சில இடத்தில் ரொக்கம், சில இடத்தில் வழிகாட்டல் மட்டும், சில இடத்தில் தரும் பணத்துக்கு ஈடாக உங்கள் நிறுவனத்தில் பங்கு கேட்பார்கள். ஸ்டார்ட்அப்களுக்குத் தொடக்க நிதி தரும் தமிழக அரசின் டான்சீட் திட்டத்திலும் நிதிக்கு ஈடாகச் சிறிய பங்கு எடுத்துக்கொள்வார்கள். கூட்டாளிகள் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

படி 3: சான்று

அதிக நாள் செலவிட வேண்டிய இடம் இதுதான். மாட்டுத்தாவணி பூச்சந்தையின் கமிஷன் கடைகளுக்கு எடையையும் விலையையும் பதிவு செய்யும் செயலி ஒன்றைச் செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'இந்தியாவில் பூ வணிகத்தின் மதிப்பு இத்தனை ஆயிரம் கோடி' என்று தொடங்கும் விண்ணப்பம் நடுவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அதை விட்டுவிட்டு, விடியும் முன் சந்தைக்குப் போங்கள். மொட்டு மலர்ந்துவிட்டால் மல்லிகையின் விலை விழுந்துவிடும், அதனால் விவசாயிக்கு நின்று பேரம் பேச நேரமில்லை. மார்கழிப் பனியில் வரத்து குறைந்து விலை ஏறும், வெயில் காலத்தில் பூ குவிந்து இறங்கும். இந்த ஓட்டத்துக்கு நடுவில் சீட்டு எழுத எவ்வளவு நேரம் ஆகிறது, எடையில் எத்தனை தகராறு வருகிறது, பணம் எப்போது விவசாயி கைக்குப் போகிறது என்று ஒரே கடையில் ஒரு வாரம் குறித்து வையுங்கள். அப்புறம் செயலியைக் கொடுத்து இன்னொரு வாரம் குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் விண்ணப்பத்தின் உயிர்.

இன்னொன்று, கொஞ்சமாவது காசு வாங்குங்கள். இலவசமாக வைத்திருக்கும் ஐம்பது கடைகளைவிட மாதாமாதம் பணம் கட்டும் மூன்று கடைகள் எவ்வளவோ மேல்.

படி 4: காப்புரிமை

புதிய கருவியோ தொழில்நுட்பமோ என்றால் மேடையில் விளக்குவதற்கு முன்பே தற்காலிக காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிடுங்கள். பொதுவில் காட்டிய பிறகு, 'இது புதியது' என்று உரிமை கோருவது கடினம். தற்காலிக விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து முழு விண்ணப்பத்துக்கு 12 மாத அவகாசம் உண்டு.

படி 5: பிட்ச் டெக்

பிரச்சினை, தீர்வு, சான்று, வருமானம், குழு. பத்துப் பக்கம் தாண்ட வேண்டாம். படி 3-இல் எடுத்த எண்களை முன்னால் வையுங்கள். உங்கள் பொருள் இல்லாமல் கடைக்காரர் இன்று எப்படிச் சமாளிக்கிறார் என்று எழுத மறக்காதீர்கள். 'போட்டியாளரே இல்லை' என்று எழுதினால் நம்ப மாட்டார்கள். அவர் கையிலிருக்கும் நோட்டுப் புத்தகமும் உங்களுக்குப் போட்டிதான்.

படி 6: ஒத்திகை

நண்பர்கள் முன்னால் பேசினால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அதனால் வெளியாட்களிடம் பேசிக் காட்டுங்கள். ஸ்டார்ட்அப்களுக்கு உதவும் தமிழக அரசு அமைப்பான ஸ்டார்ட்அப் டி.என்.-னுக்கு மதுரையில் வட்டார மையம் இருக்கிறது. வேளாண்மை சார்ந்த பொருள் என்றால் வேளாண் கல்லூரி வளாகத்தில் இயங்கும் மாபிஃப் இன்குபேட்டரையும் (புதிய நிறுவனங்களை வளர்த்துவிடும் மையம்) அணுகலாம். குறுக்குக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். தமிழில் தெளிவாக வரும் என்றால் முதலில் தமிழில் பேசிப் பழகுங்கள், பிறகு ஆங்கிலத்துக்குப் போகலாம்.

சரி, கடைசியாக ஒன்று. டெமோவைக் காணொளியாகப் பதிவு செய்து மடிக்கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அரங்கில் இணையம் கைவிட்டாலும் காட்டலாம். விண்ணப்பத்தைக் கடைசித் தேதிக்கு முந்தின நாளே அனுப்பிவிடுங்கள்.