லிவர்பூலைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லிவர்பூலில் இரண்டு பேராலயங்களையும் கப்பல்துறையையும் கடற்கரைச் சிற்பங்களையும் ஒரே நாளில் சுற்றி வந்துவிடலாம். முதல் தவறுக்கு அந்த வசதியே இடம் கொடுக்கிறது: வெயிலையும் கடலையும் பாராமல், வரைபடத்தில் எது அருகில் இருக்கிறதோ அந்த வரிசையில் கிளம்பிவிடுகிறோம்.

பேராலயத்தின் பீடம் கிழக்கே இருக்கும், காலை வெயில் அதன் பின்னுள்ள வண்ணக் கண்ணாடி வழியாக இறங்கும் என்பது பொதுவான கணக்கு. 1904இல் தொடங்கி 1978இல் கட்டி முடிக்கப்பட்ட ஆங்கிலிக்கன் பேராலயத்தில் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். அது ஏறத்தாழ வடக்கு தெற்காக நிற்பதால், ‘கிழக்குச் சாளரம்’ என்று வழங்கப்படுவது உண்மையில் தெற்கே பார்க்கிறது. அதில் ஒளி நிறைய வேண்டுமானால் நண்பகலையொட்டிச் செல்ல வேண்டும்.

ஹோப் தெருவின் மறுமுனையில், 1967இல் திறக்கப்பட்ட கத்தோலிக்கப் பேராலயம் வட்ட வடிவமானது. கலைஞர்கள் ஜான் பைப்பரும் பேட்ரிக் ரெய்ன்டியன்ஸும் செய்த கோபுரக் கண்ணாடியிலிருந்து இறங்கும் வண்ணமே அதன் உயிர். கேமராவை ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் (நிறச் சாயலைத் தானே சரிசெய்யும் அமைப்பில்) விட்டால், சுவரில் படிந்திருக்கும் நீலத்தை அது பிழையென்று கருதித் திருத்த முனையும். கான்கிரீட் வெறும் சாம்பலாகத் தெரியும். பகல் வெளிச்சத்துக்குரிய அமைப்பில் நிறுத்தி, எக்ஸ்போஷரை (ஒளியளவை) சுவருக்கு அல்லாமல் கண்ணாடிக்கு வைக்க வேண்டும். சுவர் இருண்டால் பாதகமில்லை. வழிபாடு நடக்கும்போது கேமராவைப் பையில் வைத்துவிடுவதே மரியாதை.

1846இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் கப்பல்துறையில், அகலக் கோண லென்ஸை மாட்டி அண்ணாந்து எடுப்பவர்களின் படத்தில் செந்நிற வார்ப்பிரும்புத் தூண்கள் பின்னால் சாய்ந்து நிற்கும். நீர்த்தொட்டியின் எதிர்க்கரைக்குப் போய்க் கேமராவை மட்டமாகப் பிடித்தால், தூண்களும் நேராகும், கீழ்ப்பாதியில் நீரில் அவற்றின் பிரதிபலிப்பும் கிடைக்கும். அருகில் ‘மூன்று கிரேஸ்கள்’ எனப்படும் மூன்று பெருங்கட்டடங்கள் மேற்கே மெர்சி ஆற்றைப் பார்ப்பவை. ஆற்றுப்பக்கமிருந்து காலையில் எடுத்தால் முகப்பு இருண்டிருக்கும். பிற்பகலில் படகேறி, ஆற்றின் மறுகரையிலுள்ள பிர்கன்ஹெட்டிலிருந்து எடுப்பதே சிறந்தது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும் என்பதை மறக்கக்கூடாது.

நகருக்கு வடக்கே உள்ள கிராஸ்பி கடற்கரையில் சிற்பி ஆன்டனி கோர்ம்லியின் 100 இரும்பு மனிதர்கள் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறும்போது பலர் தலை வரை மூழ்கிவிடுவதால், அன்றைய ஓத அட்டவணையைப் பாராமல் போவது வீண் பயணம். அதைவிடப் பெரிய தவறு, தொலைவில் நிற்கும் உருவத்தை நெருங்க ஈரமணலில் நடப்பது. சேறு காலை இழுத்துக்கொள்ளும், நீர் விரைந்து வரும். கரையருகே உள்ளவற்றிலேயே துருவும் உடலில் ஒட்டிய கொட்டலசும் (பார்னக்கிள் என்னும் சிறு ஓட்டுயிர்) அண்மைப் படத்துக்குப் போதுமானவை.

படங்களை விற்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கட்டடங்களுக்கும் பொது இடத்தில் நிலையாக உள்ள சிற்பங்களுக்கும் தரும் விலக்கு, சுவரோவியங்களுக்குப் பொருந்தாது; சுவரோவியத்தை அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்பதற்குமுன் ஓவியரின் அனுமதியைப் பெற வேண்டும்.