விடுமுறையில் ஊர் மண்டபத்தில் படக்காட்சி, பட்டறை, கண்காட்சி: மூன்று நாள் ஒழுங்கு

பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளுக்குப் படம் காட்டுவதென்றால் வன்னியில் பலரும் இரவைத்தான் யோசிப்பார்கள். வெளியில் வெள்ளைத்துணி கட்டி, இருட்டியதும் தொடங்குவது வழமை. கோயில் திருவிழாவுக்கு அது சரி, விடுமுறைப் பட்டறைக்குச் சரிவராது. ஓகஸ்ட் மாதத்தில் கிளிநொச்சிப் பக்கம் பொழுது சாய மாலை 6.20 ஆகிவிடும். புரொஜெக்டர் வெளிச்சம் திரையில் தெளிவாகத் தெரிய இன்னும் அரை மணித்தியாலம் வேண்டும். ஒரு மணித்தியாலப் படம் முடியும்போது எட்டு மணி. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டோர ஒழுங்கைகளில் யானைப் பயம் உள்ள நேரத்தில் பிள்ளைகளை நடக்கவிட முடியாது. அதைவிட, பார்த்த படத்தின் சூடு ஆறமுன் தாங்களும் ஒன்றைச் செய்து பார்க்க அவர்களுக்கு அந்த இரவில் நேரம் இல்லை.

எனவே ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தை இருட்டாக்கி, காலை 8.30க்குக் காட்சியைத் தொடங்குங்கள். முதல்நாள் பார்ப்பது, இரண்டாம் நாள் செய்வது, மூன்றாம் நாள் பின்னேரம் ஊருக்குக் காட்டுவது. 30 பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள அளவுகளைச் சொல்கிறோம்.

எந்த நாட்கள்

ஏப்ரலில் புத்தாண்டும் வெயிலும் ஒன்றாக வரும், பின்னேரம் இடிமழையும் உண்டு. டிசெம்பரில் தகரக் கூரையில் மழை அடித்தால் எந்த ஸ்பீக்கரும் உதவாது. அந்த மாதத்தில் நடத்துவதானால் பேச்சில்லாத படங்களை மட்டும் எடுங்கள். ஓகஸ்ட் நல்லது. ஆனால் 15ஆம் திகதி மடுத் திருவிழா, அதை ஒட்டிய நாட்களில் பல குடும்பங்கள் ஊரில் இரா. சிறுபோக அறுவடை நடக்கும் கிழமையையும் விவசாயிகளிடம் கேட்டுத் தவிருங்கள்.

மண்டபத் திறப்பு கிராம அபிவிருத்திச் சங்கத்திடமோ மாதர் சங்கத்திடமோ இருக்கும். இரண்டு கிழமைக்கு முன் கடிதம் கொடுத்து, கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள். பெற்றோரிடம் சம்மதக் கடிதம் வாங்கும்போது, பிள்ளையைப் படம் பிடிக்கலாமா, அதை வெளியில் போடலாமா என்று இரண்டு கேள்விகளாகத் தனித்தனியே கேளுங்கள். முதலாவதற்கு ஓம் என்பவர்கள் இரண்டாவதற்கு வேண்டாம் என்று சொல்ல இடமிருக்க வேண்டும்.

மண்டபத்தை இருட்டாக்குதல்

அதிகம் பிழை விடும் இடம் இதுதான். யன்னலுக்கு நீலப் படங்கு கட்டுவார்கள். அது வெளிச்சத்தை மறைக்காது, மண்டபம் முழுவதையும் நீலமாக்கித் திரையின் நிறத்தையும் கெடுக்கும். ஹாட்வெயார் கடையில் யார் (கஜம்) கணக்கில் விற்கும் தடித்த கறுப்புப் பொலித்தீனை இரட்டையாக மடித்து, யன்னல் சட்டத்தைவிட எல்லாப் பக்கமும் அரை அடி கூடுதலாக வெட்டி, உட்பக்கமாகக் கட்டுங்கள். வெளியில் கட்டினால் சோளகக் காற்று ஒரு மணித்தியாலத்தில் கிழித்துவிடும்.

மேலே உள்ள காற்றுத் துவாரங்களை அடைக்க வேண்டாம். துவாரத்துக்கு உட்பக்கம் ஒரு சாண் இடைவெளி விட்டுப் பழைய காட்போட் மட்டையைச் சரிவாகத் தொங்கவிட்டால் வெளிச்சம் நேரே விழாது, காற்று பக்கத்தால் வரும். வாசலில் கறுப்புச் சீலை இரண்டை மூன்றடி இடைவெளியில், ஒன்றின் திறப்பு இடப்பக்கமும் மற்றதன் திறப்பு வலப்பக்கமுமாகக் கட்டுங்கள். ஆள் வந்துபோனாலும் திரை வெளிறாது. கதவை மட்டும் ஒருநாளும் பூட்டக்கூடாது. ஒவ்வொரு வாசலிலும் ரோச்சோடு ஒரு பெரியவர் நிற்க வேண்டும்.

அடைத்த மண்டபத்தில் 30 பிள்ளைகள் இருந்தால் சூடு விரைவில் ஏறும். 25 நிமிடத்துக்கு ஒருமுறை சீலையைத் தூக்கிப் பத்து நிமிடம் காற்று விட்டு, தண்ணீர் கொடுங்கள். 10.30க்கு மேல் தகரம் கொதிக்கத் தொடங்கும், அதற்குள் படத்தை முடித்துவிடுங்கள்.

திரை, சத்தம், கரண்ட்

பளபளப்பில்லாத வெள்ளை பூசிய சுவர் இருந்தால் அதைவிட நல்ல திரை இல்லை. எண்ணெய் பெயின்ற் பூசிய சுவரில் நடுவில் ஒரு வெளிச்சப் பொட்டு விழும், அங்கே துணிதான் வேண்டும். வெள்ளைப் படுக்கைவிரிப்பின் பின்னால் கறுப்புத் துணி வைத்துத் தைத்து, சுருக்கம் போக அயன் செய்து, நான்கு மூலையிலும் பழைய சைக்கிள் ரியூப் கீலங்களால் இழுத்துக் கட்டுங்கள். ரியூப் இழுபடும் என்பதால் காற்று வந்தாலும் துணி விறைப்பாகவே நிற்கும். கயிற்றால் கட்டிய துணி தொய்ந்துவிடும்.

படம் 8 அடி அகலமும் நாலரை அடி உயரமும் போதும். 3000 லூமன் புரொஜெக்டர் அதற்குத் தாராளம். ஆசைப்பட்டு 12 அடிக்குப் பெருப்பித்தால் அதே வெளிச்சம் இரண்டேகால் மடங்கு பரப்பில் பரவ வேண்டும், படம் பாதிக்குக் கீழே மங்கிவிடும். சாதாரண புரொஜெக்டரைப் படத்தின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் வைப்பது வழக்கம்: 8 அடிக்கு 12 அடி. அதாவது மேசை பிள்ளைகளின் நடுவில் வரும். அதன் வயரை நிலத்தில் ரேப்பால் முழு நீளத்துக்கும் ஒட்டுங்கள். திரையின் கீழ்விளிம்பு நிலத்திலிருந்து மூன்றரை அடி உயரத்தில் நின்றால் பாயில் இருக்கும் பின்வரிசைக்கும் தெரியும். படம் மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் விழுந்தால் பொத்தானை அழுத்தி நேராக்க வேண்டாம், கூர்மை குறையும். மேசைக்கு வாங்கு ஒன்றைச் சேர்த்து உயர்த்தி, லென்ஸை நேராகப் பார்க்க வையுங்கள்.

ஸ்பீக்கர் திரையின் இருபக்கமும், இருக்கும் பிள்ளையின் தலைக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். சீமெந்து நிலமும் வெறுஞ்சுவரும் எதிரொலிக்கும், அப்போது சொல் புரியாது. சத்தத்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். பின்சுவரில் பாய்களையும் சாக்குகளையும் தொங்கவிட்டு, ஸ்பீக்கரில் பாஸை (தடித்த சத்தத்தை) குறையுங்கள்.

புரொஜெக்டருக்கு ஏறக்குறைய 300 வாற்ஸ், ஸ்பீக்கருக்கு 150, லப்ரொப்புக்கு 65. ஒரு கேவீஏ இன்வேற்றர் வகை ஜெனரேற்றர் போதும். அதை மண்டபத்துக்குள்ளோ வாசல் விறாந்தையிலோ ஒருபோதும் வைக்காதீர்கள். மணமே இல்லாத புகைநஞ்சு ஆளைக் கொல்லும். காற்று போகும் பக்கத்தில் 50 அடி தள்ளி வையுங்கள். விளக்கு வகைப் புரொஜெக்டரில் கரண்ட் திடீரென நின்றால் விசிறியும் நின்று விளக்கு வெந்துவிடும். இடையில் சிறிய யூபிஎஸ் (பற்றறிக் காப்பு) ஒன்று இருந்தால் ஒழுங்காக ஆறவிட்டு அணைக்கலாம்.

என்ன படம்

காசு கொடுத்து வாங்கிய சீடி வீட்டில் பார்க்கத்தான். பொது இடத்தில் காட்ட உரிமையாளரின் அனுமதி வேண்டும், இதற்கு இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. தலைவலி இல்லாத வழி, திறந்த உரிமத்தில் வெளியான குறும்படங்கள். பிளெண்டர் நிறுவனம் 2008இல் வெளியிட்ட ‘பிக் பக் பனி’ ஏறக்குறைய பத்து நிமிடம், பேச்சே இல்லை, ஆக்கியோர் பெயரைச் சொல்லி எவரும் காட்டலாம். இப்படி ஐந்தாறு குறும்படங்கள் ஒரு முழுநீளப் படத்தைவிட இந்த வேலைக்கு உகந்தவை. தாங்களும் செய்யக்கூடிய நீளம் எது என்று பிள்ளைகள் கண்டுகொள்வார்கள்.

ஒவ்வொரு படத்தையும் ஒருவர் முன்கூட்டியே முழுதாகப் பாருங்கள். குண்டுச்சத்தம், விமான இரைச்சல், பதுங்கி ஓடும் காட்சி உள்ளவற்றைத் தவிருங்கள். பிள்ளைகள் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள்தான், ஆனால் கூட வரும் அம்மாவும் அம்மம்மாவும் அப்படியல்ல. இருட்டு மண்டபத்தில் அந்தச் சத்தம் அவர்களை என்ன செய்யும் என்பதை வன்னியில் யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இரண்டாம் நாள்: அசையும் படம்

ஒரு பொருளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுத்து, அவற்றை வேகமாக ஓடவிட்டால் பொருள் தானே அசைவதுபோலத் தெரியும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு போன், இரண்டு குழுவுக்கு ஒரு பெரியவர். குழுவில் ஒருவர் பொருளை நகர்த்துவார், ஒருவர் படம் எடுப்பார், ஒருவர் எண்ணுவார், மற்ற இருவர் வெளிச்சத்தையும் அடுத்த காட்சியையும் பார்ப்பார்கள். 60 படத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றுங்கள். இல்லாவிட்டால் போனின் சொந்தக்காரப் பிள்ளையே முழுவதையும் செய்து முடிக்கும்.

இரண்டு செங்கல் அடுக்குகளுக்கு மேல் ஒரு பலகையைக் குறுக்கே வைத்து, லென்ஸ் பலகைக்கு வெளியே கீழ்நோக்கிப் பார்க்கும்படி போனை ஒட்டுங்கள். நிலத்திலிருந்து 50 முதல் 60 சென்ரிமீற்றர் உயரம் போதும். கீழே கறுப்பு பிறிஸ்டல் போட். போனில் விமானப் பயன்முறையைப் போடுங்கள், அழைப்பு வந்தால் எல்லாம் ஆடிவிடும். திரையில் விரலை அழுத்திப் பிடித்துப் போகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டுங்கள். பல போன்களில் இயர்போனின் சத்தப் பொத்தானை அழுத்தினாலே படம் எடுபடும், போனைத் தொட வேண்டியதில்லை.

முதல் பயிற்சிக்குப் புளியங்கொட்டை போதும். 20 கொட்டைகள் ஒரு மூலையிலிருந்து ஊர்ந்து வந்து பிள்ளையின் பெயரில் முதலெழுத்தாக நிற்க வேண்டும். செக்கனுக்கு 12 படம் என்று வையுங்கள். ஒரு படத்துக்கு அரைச் சென்ரிமீற்றர் நகர்த்தினால் 30 சென்ரிமீற்றரைக் கடக்க 60 படம், அதாவது ஐந்து செக்கன். அவசரத்தில் இரண்டு சென்ரிமீற்றர் தள்ளுவார்கள், கொட்டை தவளைபோலத் துள்ளும். புறப்படும்போதும் நிற்கும்போதும் நாலைந்து படங்களுக்குக் கால் சென்ரிமீற்றராகக் குறைத்தால் பாரமுள்ள பொருள் அசைவதுபோல இருக்கும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்ட பிள்ளை மிச்சத்தைத் தானே கண்டுபிடிக்கும்.

படம் மின்னி மின்னித் தெரிந்தால் காரணம் முகில். யன்னலை மூடி, இரண்டு 9 வாற்ஸ் எல்ஈடி குமிழ்களை இருபக்கமும் சரிவாக வையுங்கள். வெள்ளைச் சட்டையும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், அதனால் ஒவ்வொரு படத்துக்கும் எல்லோரும் ஓரடி பின்னே நிற்க வேண்டும்.

அடுத்தது உருவங்கள். குளத்துக் களிமண் அழகானது, ஆனால் குமிழ் வெளிச்சத்தில் காய்ந்து வெடிக்கும். இரண்டு கப் கோதுமை மா, ஒரு கப் உப்புத்தூள், முக்கால் கப் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் சேர்த்துப் பிசைந்தால் காலை முழுதும் மென்மையாக நிற்கும். இதற்கு முடிந்தவரை ‘ஸ்டொப் மோஷன் ஸ்ரூடியோ’ செயலியைப் பாவியுங்கள், முந்திய படம் நிழலாகத் தெரிவதால் கை தவறாது. முதல்நாளே பதிவிறக்கி வையுங்கள், மண்டபத்தில் சிக்னல் இருக்குமென்று நம்ப வேண்டாம்.

சத்தத்தைக் கடைசியில் பதியுங்கள். சுளகில் நெல்லை உருட்டினால் மழை, சிரட்டை இரண்டைத் தட்டினால் குதிரை, காய்ந்த பனையோலையைக் கசக்கினால் நெருப்பு. பாய் சுற்றிய மூலையில் பதிந்தால் எதிரொலி விழாது.

எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு போன் வேண்டாம், வரைந்த படத்தை அசைவதுபோலக் காட்டும் சுழல் உருளை கொடுங்கள். 62 சென்ரிமீற்றர் நீளக் கறுப்பு பிறிஸ்டல் போட்டின் மேற்பாதியில் 5 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக 12 கீறுகள், ஒவ்வொன்றும் 3 மில்லிமீற்றர் அகலம். 2 சென்ரிமீற்றர் ஒட்டுக்குப் போக 19 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருளை வரும். உள்ளே கீழ்ப்பாதியில் 12 படம் வரைந்த கடதாசி. நூலில் தொங்கவிட்டுச் சுழற்றிக் கீறு வழியே பார்க்க வேண்டும். படம் கலங்கினால் கீறு அகலமாகிவிட்டது என்று அர்த்தம். கீறு வெட்டும் பிளேட் பெரியவர் கையில் மட்டும்.

மூன்றாம் நாள்: ஊருக்குக் காட்டுதல்

பிள்ளைகள் வரைந்தவற்றைக் காலையில் தொங்கவிட்டு, பின்னேரம் 3 முதல் 5.30 வரை திறவுங்கள். தும்புக்கயிற்றை நான்கடி உயரத்தில் இழுத்து உடுப்புக் கிளிப்பால் படங்களை மாட்டுங்கள். பெரியவர் கண் உயரத்தில் மாட்டினால் செய்த பிள்ளைக்கே தெரியாது. காற்றில் திரும்பாமலிருக்க ஒவ்வொன்றின் கீழும் இன்னொரு கிளிப். பெயர்த்துண்டில் முதற்பெயரும் வயதும் போதும், முகவரியோ பாடசாலையோ வேண்டாம். குறும்படங்களைப் பெரிய திரையில் 4 மணிக்கு ஒருமுறையும் 5 மணிக்கு ஒருமுறையும் போடுங்கள். இடையில் செங்கல், பலகை, போனை அப்படியே வைத்து, வரும் அப்பாமாரையும் அம்மாமாரையும் பிள்ளைகளே பத்துப் படம் எடுக்கவைக்கட்டும்.

ஊரின் பழைய பொருட்களையும் வைக்க விரும்பினால் வீட்டுக்குள் இருப்பதை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள்: நெல் அளக்கும் கொத்து, உலக்கை, பழைய ரேடியோ. காட்டிலோ வயலிலோ கிடக்கும் இரும்புத்துண்டு எதையும் எடுக்கக்கூடாது என்று முதல்நாளே சொல்லி, கடிதத்திலும் எழுதுங்கள். வடக்கில் கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் உண்டு. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் விலகி 119க்கு அறிவிக்க வேண்டும். குடும்பப் புகைப்படம் கேட்காதீர்கள். சில வீடுகளில் அது காணாமற்போனவரின் ஒரேயொரு படமாக இருக்கும், பிள்ளை வெட்கத்துக்காக எடுத்துவரும். தானாகக் கொண்டுவந்தால் போனில் பிரதி எடுத்து அன்றே திருப்பிக் கொடுங்கள்.

5.30க்கு மூடி, வெளிச்சம் இருக்கும்போதே அனுப்புங்கள். குறும்படங்களை ஒவ்வொரு வீட்டின் போனுக்கும் அங்கேயே மாற்றிக் கொடுங்கள், போன் இல்லாத வீட்டுக்கு மெமரி சிப்பில். வரைந்தவற்றைச் சங்க அலுமாரியில் அடுக்கினால் மாரியோடு கறையான் முடித்துவிடும், அவையும் பிள்ளையோடு வீட்டுக்குப் போகட்டும்.