மழைக்காலத்தில் லாரி கண்ணாடி: முதலில் இடது பக்கத்தைப் பாருங்கள்

நாமக்கல்லில் லோடு ஏற்றி மும்பை போகிறவர்களுக்கு ஆனி, ஆடியில் பெல்காம் தாண்டியதுமே மழை பிடித்துக்கொள்ளும். லோனாவ்ளா இறக்கத்தில் கேட்கவே வேண்டாம். நம்ம ஊரில் ஐப்பசி என்றால் தொப்பூர் கணவாய். முன்கண்ணாடிக்கு வைப்பர் இருக்கிறது. சைடு மிரருக்கு என்ன இருக்கிறது?

கடையில் விற்கிற, தண்ணீரை முத்து முத்தாக உருட்டிவிடும் ஸ்பிரேயை முன்கண்ணாடிக்கு அடிக்கலாம். ஓட்டத்தில் காற்றே அந்தத் துளிகளைத் தள்ளிவிடும். மிரரின் முகமோ பின்பக்கம் பார்த்திருக்கிறது. அங்கே நேர்க்காற்று படாது, துளிகள் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். ராத்திரியில் பின்னால் வருகிற வண்டியின் லைட் ஒவ்வொரு துளியிலும் தெறிக்கும். அதனால் மிரரில் தண்ணீர் உருளக்கூடாது, மெல்லிய ஏடாகப் பரவ வேண்டும். அதற்குப் பழைய டிரைவர்களின் உருளைக்கிழங்கு வைத்தியம்தான் எனக்குச் சரிப்பட்டு வருகிறது.

முதலில் மிரரில் படிந்த டீசல் புகைப் பிசுக்கு போக வேண்டும். ஒரு ரூபாய் ஷாம்பூ பாக்கெட்டைத் தண்ணீரில் கலந்து கழுவி, செய்தித்தாளால் துடையுங்கள். ஆயில் கை துடைத்த பனியன் வேஸ்ட்டை எடுத்தீர்களானால் பிசுக்கு இன்னும் கூடும். காய்ந்ததும் உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கத்தால் தேயுங்கள். துடைக்காமல் விடுங்கள். கொட்டுகிற மழையில் கரைந்துவிடும். டீ குடிக்க நிறுத்தும்போது இன்னொரு தரம் தேய்க்க வேண்டியதுதான்.

மிரர் சுத்தமாக இருந்தும் இடையில் இருக்கிற கதவுக் கண்ணாடி மங்கினால் பலனில்லை. அதற்கும் இதே கிழங்குதான். கிளீனர் இருந்தால் இடது பக்கத்தை அவர் அப்போதைக்கப்போது துடைத்துவிடுவார். இப்போது பாதி வண்டிகளில் டிரைவர் தனியாள்தான், ஓட்டத்தில் கை அங்கே எட்டாது. கிளம்பும் முன்பே அந்தப் பக்கத்தை முடித்துவிடுங்கள்.

அப்புறம் உள்பக்கப் புகைமூட்டம். வெளியே கண்ணாடி குளிர்ந்திருக்க, கேபினுக்குள் ஈரம் இருந்தால் அது கண்ணாடியில் போய்ப் படியும். தார்ப்பாய் கட்டிவிட்டு நனைந்து ஏறுகிறோம் இல்லையா, அந்தச் சட்டையையும் துண்டையும் கேபினில் காயப்போடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். ஏசி வண்டி என்றால் ஏசியைப் போட்டு, உள்காற்றே சுற்றாமல் வெளிக்காற்று வரும்படி வையுங்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும். ஏசி இல்லாத வண்டியில் இரண்டு பக்கக் கண்ணாடியையும் இரண்டு விரல் இறக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறக்கினால் காற்று ஓடாது. தோள் கொஞ்சம் நனையும், பரவாயில்லை.

வைப்பர் ரப்பரை விரலால் தடவிப் பாருங்கள். விறைத்திருந்தாலோ வெடித்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். காய்ந்த தூசியின் மேல் வைப்பரை ஓட்டவே வேண்டாம், கண்ணாடியில் கோடு விழும். கோடு விழுந்த கண்ணாடிக்கு உருளைக்கிழங்கும் உதவாது.