பூச்சி செல்லில் வைரஸ் போலித் துகள்: எப்போது அறுவடை செய்வது?

வைரஸ் போலித் துகள் என்பது உள்ளே வைரஸின் மரபணு இல்லாத வெற்றுக் கூடு; தடுப்பூசிக்காகச் செய்வது. முதல் முறை செய்பவர்களுக்குப் பன்றிகளைத் தாக்கும் சர்க்கோ வைரஸ் 2-ஐத்தான் நான் சொல்வேன். ஒரே ஒரு புரதம் போதும். அதன் கேப்சிட் (வெளிக்கூடு) புரதத்தின் 60 பிரதிகள் தாமாகவே கூடி, சுமார் 17 நானோமீட்டர் அகலத்தில் கூடு கட்டிக்கொள்ளும். ஆடு மாடுகளுக்கு வரும் நீலநாக்கு நோயின் வைரஸுக்கு நான்கு புரதங்கள் ஒரே செல்லில் சேர வேண்டும். அதை அப்புறம் பார்க்கலாம்.

எஸ்எஃப்9 என்ற பூச்சி செல்களை 27 டிகிரியில் ஷேக்கரில் வளருங்கள். கார்பன் டை ஆக்சைடு தேவையில்லை. உயிருள்ள செல்கள் 95 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அன்று வைரஸைத் தொடவே வேண்டாம்.

கேப்சிட் மரபணுவைச் செல்லுக்குள் சுமந்துபோவது பேகுலோவைரஸ் என்ற பூச்சி வைரஸ். அதைப் பெருக்கும்போது பத்து செல்லுக்கு ஒரு வைரஸ் போதும். அதிகம் போட்டால் குறைபட்ட வைரஸ்கள் பெருகிவிடும். அதே காரணத்துக்காக, பெருக்கி எடுத்த ஸ்டாக்கையே (சேமித்த வைரஸ் திரவம்) மறுபடி மறுபடி பெருக்கிக்கொண்டே போகாதீர்கள். ஸ்டாக்கை 4 டிகிரியில், வெளிச்சம் படாமல் வையுங்கள். டைட்டரை (மில்லிக்கு எத்தனை தொற்றும் வைரஸ் என்பதை) அளக்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

புரதம் எடுக்க, மில்லிக்கு 20 லட்சம் செல்கள் வந்ததும் செல்லுக்கு 1 முதல் 5 வைரஸ் வரை சேருங்கள். மறுநாள் செல்கள் பெருகுவது நிற்கும், உப்பிக்கொள்ளும். அது நல்ல அறிகுறி. 48 மணி நேரத்திலிருந்து தினமும் மாதிரி எடுங்கள். ஒரு நாள் கூடுதலாக விட்டால் விளைச்சல் கூடும் என்று ஆசை வரும். ஆனால் செல்கள் உடைய உடைய, புரதத்தை வெட்டும் நொதிகளான புரோட்டியேஸ்கள் வெளியே வந்து, கட்டிய கூட்டையே அரிக்கும். நான் சற்று முன்னதாகவே எடுப்பேன்.

கோமாரி நோய்க்கு இன்னொரு சிக்கல் உண்டு. பூச்சி செல் மீடியத்தின் (வளர்ப்புத் திரவத்தின்) பிஹெச் 6.2-ஐ ஒட்டியே இருக்கும். கோமாரி வைரஸின் கூடோ 6.5-க்குக் கீழே சிதறத் தொடங்கும். அமிலத்தைத் தாங்கும்படி மாற்றிய கேப்சிட்டை எடுப்பது நல்லது.

புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் பட்டை தெரிந்ததும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். புரதம் இருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. கூடு கட்டியதா என்று சொல்லாது. சுக்ரோஸ் கரைசல் அடுக்கில் சுழற்றிப் பிரித்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்ணால் பாருங்கள். பேகுலோவைரஸும் கூடவே வரும் என்பதால் பைனரி எத்திலினிமைன் என்ற வேதிப்பொருளால் அதைச் செயலிழக்கச் செய்து, மிஞ்சிய அந்த வேதிப்பொருளைச் சோடியம் தயோசல்பேட்டால் முறியுங்கள். பிறகு புது எஸ்எஃப்9 செல்களில் சோதித்து, எந்தத் தொற்றும் கிளம்பவில்லை என்று உறுதியான பின்பே அட்ஜுவன்ட் (நோய் எதிர்ப்பைத் தூண்டும் சேர்க்கை) சேருங்கள்.