கல்யாணச் சமையலுக்கு வருபவர்கள் காபியில் செய்யும் தவறுகள்

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் முகூர்த்தங்கள் நெருங்கிவிட்டால் எங்கள் சமையல் கூட்டத்தில் புதுப் பையன்கள் சேர்வார்கள். கரண்டி பிடிப்பதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். காபி குடிப்பதில்தான் ஒவ்வொருவரும் வழுக்குகிறார்கள். பழைய ஆட்கள் எல்லாரும் ஒரு காலத்தில் வழுக்கிய அதே இடம். அதிகம் குடித்தால் படபடக்கும், வயிறு எரியும் என்பது குடித்தவனுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

முன்னிரவுக் காபி

சாயங்காலம் காய் நறுக்கி, தேங்காய் துருவி வைத்துவிட்டு ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும். இரண்டு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டினால்தான் காலைப் பலகாரம் நேரத்துக்கு இலைக்குப் போகும். இடையில் கிடைக்கும் தூக்கத்தை வைத்துத்தான் மறுநாள் முழுவதையும் ஓட்ட வேண்டும். ஏழு மணிக்குக் குடிக்கும் ஒரு டம்ளர் அதைக் கெடுத்துவிடுகிறது.

கல்யாண வீட்டில் காபிக்குப் பஞ்சமா? வீட்டின் உள்பக்கமான இரண்டாம் கட்டில் காய் நறுக்குபவர்களுக்கு ஆச்சிமார் கேட்காமலேயே அனுப்பிக்கொண்டிருப்பார்கள். மறுத்தால் மரியாதையில்லை என்று பையன்கள் வாங்கிக்கொள்வார்கள்.

விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. கண்ணைச் சொருக வைப்பது அதுதான். அது போய் ஒட்ட வேண்டிய இடத்தைக் காபியில் உள்ள காஃபின் பிடித்துக்கொள்கிறது. அவ்வளவே. அடினோசின் காத்துக்கொண்டிருக்கும், காஃபின் இறங்கியதும் மொத்தமாக அமுக்கும். குடித்த காஃபினில் பாதி கழிவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் கூடும், குறையும். அப்படியானால் ஏழு மணிக் காபியில் பாதி நள்ளிரவிலும் உடம்பில் இருக்கிறது. "காபி குடித்தாலும் எனக்குத் தூக்கம் வரும் அண்ணே" என்று ஒருவன் கட்டாயம் சொல்வான். வரும், ஆழமாக வராது. 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்களுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது. நம் டம்ளரில் அவ்வளவு இருக்காது. ஆனால் நம் பையன்கள் ஒரு டம்ளரோடும் நிற்பதில்லை, படுக்கும் நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்பும் குடிப்பதில்லை.

தேவகோட்டையில் ஒரு கல்யாணம். இப்படிப் புரண்டு படுத்த பையன் இரண்டு மணிக்கு எழுந்ததும் ஒரு காபி, நான்கு மணிக்கு ஒன்று, விடிந்ததும் ஒன்று. கண் விரியத் திறந்திருந்தது, கையும் வேகமாக ஓடியது. புத்திதான் தூங்கிக்கொண்டிருந்தது. வெண்டைக்காய் மண்டி என்ற புளிக்குழம்புக்கு உப்புப் போட்டுவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் போட்டான். ஓர் அண்டா மண்டி வீணானது. வெண்டைக்காய்க்கு ஆள் ஓடி, புளி கரைத்து, மறுபடி அரிசி களைந்த தண்ணீர் பிடித்து முடிப்பதற்குள் முதல் பந்தி மண்டி இல்லாமலேயே எழுந்துவிட்டது. உப்புக்காக நான் அவனைத் திட்டவில்லை; முந்தின நாள் ஏழு மணிக் காபிக்காகத் திட்டினேன். இன்றும் அதைச் சொன்னால் சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படுக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒன்பது மணிக்குப் படுப்பவனுக்குப் பகல் ஒரு மணியோடு காபி முடிந்தது. மாலையில் நாக்கு கேட்டால் காபித்தூள் சேர்க்காத சுக்குமல்லி குடிக்கலாம்.

கறுத்த டிகாக்ஷனை நம்புவது

டிகாக்ஷன் கறுத்திருந்தால் காஃபின் அதிகம் என்று பையன்கள் நினைக்கிறார்கள். கறுப்பும் கசப்பும் சிக்கரியாலும் வரும். சிக்கரியில் காஃபின் கிடையாது. ரொபஸ்டா வகைக் காபிக்கொட்டையிலோ அரபிகா வகையைவிட ஏறக்குறைய இரு மடங்கு. கல்யாண வீட்டுக்கு வீடு தூள் மாறுவதால், போன வீட்டு டம்ளர் கணக்கு இந்த வீட்டில் செல்லாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024 உணவு வழிகாட்டி, வடித்த காபி 150 மில்லியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபின் என்றும், ஒரு நாளைக்கு 300-ஐத் தாண்ட வேண்டாம் என்றும் சொல்கிறது.

எழுந்ததும் பெரிய டம்ளராக ஒரே மடக்கு

அப்படி வேண்டாம். இரண்டு மணிக்குப் பாதி குடியுங்கள், நாலரைக்கு மீதி.

சாப்பாட்டோடு காபி

வேண்டாம். இரும்புச் சத்து சரியாகச் சேராது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விடுங்கள்.

குடித்த கையோடு வண்டி எடுப்பது

பந்தி முடிந்து பாத்திரம் ஏற்றியதும் வேன் ஓட்டுநர் ஒரு காபியைக் குடித்துவிட்டுத் திருச்சி சாலையில் கிளம்பிவிடுவார். காஃபின் நன்றாக ஏற அரை மணி நேரமாவது வேண்டும். அதற்குள் திருமயம் பக்கம் கண் சொருகும். குடித்தவுடன் இருக்கையைச் சாய்த்து இருபது நிமிடம் தூங்கட்டும். எழும்போது காஃபினும் வேலையைத் தொடங்கியிருக்கும். எங்கள் ஓட்டுநர் இப்போது அப்படித்தான் செய்கிறார். தாமதமாகிறது என்று முணுமுணுப்பவர்கள் பின்னால் அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் பையன்கள்தான்.