"வேற்றுக் கிரகத்தில் உயிர்!" என்று தலைப்பு வந்தால் எப்படிப் படிப்பது?

தலைப்பை விட்டுவிட்டு நேராக நான்காம், ஐந்தாம் பத்திக்குப் போங்கள். எந்தக் கருவி, எதை அளந்தது என்பது பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். உயிரை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் கிடையாது. ஒளி எந்த அலைநீளத்தில் எவ்வளவு மங்கியது, பாறையில் என்ன கனிமம் இருக்கிறது, மண்ணிலிருந்து என்ன வாயு வந்தது, இவ்வளவுதான் அளக்க முடியும். மற்றதெல்லாம் அதன்மேல் கட்டிய ஊகம்.

2025 ஏப்ரலில் கே2-18பி என்ற கிரகத்தைப் பற்றிய செய்தி வந்தபோது, "அங்கே கடல் இருக்காமே, மீன் இருக்குமா?" என்று என் சித்தி கேட்டார். கேள்வி நியாயமானதுதான், செய்தி அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. உண்மையில் நடந்தது இது: அந்தக் கிரகம் 124 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. சுமார் 33 நாளுக்கு ஒருமுறை தன் நட்சத்திரத்தின் குறுக்கே கடக்கிறது. அப்போது கிரகத்தின் காற்றுமண்டல விளிம்பு வழியாகக் கசிந்து வரும் நட்சத்திர ஒளியை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்பில் பிரித்துப் பார்த்தது. சில அலைநீளங்களில் ஒளி கூடுதலாக மங்கியிருந்தது. கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு, அது டைமெத்தில் சல்ஃபைடோ அதற்கு நெருங்கிய இன்னொரு சேர்மமோ இருப்பதோடு ஒத்துப்போகிறது என்றது. பூமியில் டைமெத்தில் சல்ஃபைடு பெரும்பாலும் கடல் மிதவை நுண்ணுயிர்களால் உண்டாகிறது. மீனுக்கும் அந்த ஒளிக்கும் நடுவே எத்தனை படி தாண்ட வேண்டும், பாருங்கள்.

அடுத்து 'சிக்மா' என்ற சொல்லைத் தேடுங்கள். ஒரு முடிவு தற்செயலாக வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைக் காட்டும் அளவு அது; எண் கூடக் கூட அந்த வாய்ப்பு குறையும். அந்தக் குழுவே சொன்னது மூன்று சிக்மா. அதாவது அப்படி எதுவும் இல்லாமலே, தரவிலுள்ள தற்செயல் ஏற்ற இறக்கத்தால் மட்டுமே இப்படி ஒரு தடம் தெரிய ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு. கேட்க வலுவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே தரவில் பல மூலக்கூறுகளைப் பொருத்திப் பார்த்தால் ஏதோ ஒன்று தற்செயலாகப் பொருந்திவிடும். கண்டுபிடிப்பு என்று அறிவிக்க ஐந்து சிக்மா எதிர்பார்க்கிறார்கள். அதில் தற்செயலின் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. அதே தரவை எடுத்து அலசிய வேறு குழுக்கள், தடம் உறுதியில்லை என்றன.

சரி, தடம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். இப்போது கேட்க வேண்டியது: உயிரில்லாமல் இது உண்டாகுமா? எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. இதற்குப் பதில் இல்லாத செய்தியை நான் அதற்கு மேல் படிப்பதில்லை. டைமெத்தில் சல்ஃபைடு 67பி என்ற வால்மீனிலேயே கிடைத்திருக்கிறது. அங்கே மிதவை உயிர் ஏது? ஆக்ஸிஜனும் அப்படித்தான். புற ஊதாக் கதிர் நீராவியைப் பிளந்து, ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிவிட்டால், ஒரு பாசிகூட இல்லாமல் ஆக்ஸிஜன் சேரும். 1976-இல் வைக்கிங் கலங்கள் செவ்வாய் மண்ணில் சத்துக் கரைசலைச் சொட்டியபோது வாயு வந்தது, நுண்ணுயிர் அதைத் தின்று விட்ட வாயுவோ என்று பரபரப்பானார்கள். 2008-இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற, வேதிவினையில் ஈடுபடக்கூடிய உப்பைக் கண்டது. வைக்கிங் பார்த்தது மண்ணின் வேதிவினைதான் என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து.

பிறகு, வேறு கருவியில் வேறு ஆட்கள் பார்த்தார்களா என்று பாருங்கள். 2020-இல் வெள்ளிக் கிரகத்தின் மேகங்களில் பாஸ்ஃபீன் (பூமியில் உயிரோடு தொடர்புள்ள ஒரு வாயு), நூறு கோடியில் 20 பங்கு என்றார்கள். தொலைநோக்கித் தரவை மறுபடி அளவுதிருத்தம் செய்ததும் அந்த எண் வெகுவாக இறங்கிவிட்டது; சர்ச்சை இன்னும் ஓயவில்லை. ரேடியோ சிக்னல் என்றால் இன்னும் உஷாராக இருங்கள். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் விட்டுவிட்டு வந்த மர்மத் துடிப்புகளைத் துரத்திப் போனவர்கள், 2015-இல் கடைசியாக வந்து நின்றது அங்கேயே இருந்த மைக்ரோவேவ் அடுப்பின் முன்னால். ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள்!

மதிப்பெண் போட வேண்டுமென்றால், 2021-இல் நாசா விஞ்ஞானிகள் முன்வைத்த ஏழு படி அளவுகோல் இருக்கிறது. தடம் கிடைப்பது முதல் படி. அது கருவிக் கோளாறோ மாசோ இல்லை என்று காட்டுவது இரண்டாவது. உயிரில்லாத வழிகளை ஒதுக்குவதே நான்காவதில்தான் வருகிறது. தலைப்புகள் ஏழில் நிற்கும், தரவு ஒன்றிலோ இரண்டிலோ நிற்கும்.

எல்லாவற்றையும் தள்ளிவிடச் சொல்லவில்லை. பெர்சிவியரன்ஸ் ஊர்தி 2024-இல் செவ்வாயில் பார்த்த செயாவா ஃபால்ஸ் பாறையை நான் கே2-18பி-யைவிட மேலாக மதிக்கிறேன். அதில் சிறுத்தைப் புள்ளி போன்ற வளையங்கள். அவற்றில் இரும்பு பாஸ்ஃபேட்டும் இரும்பு சல்ஃபைடும். உயிரில்லாமல் இவை உண்டாக வழக்கமாக வெப்பம் வேண்டும், ஆனால் பாறை அவ்வளவு சூடானதற்கான அறிகுறி தெரியவில்லை. அதன் துண்டு ஒரு குழாயில் பத்திரமாக இருக்கிறது. பூமிக்குக் கொண்டுவந்து ஆய்வகத்தில் உடைத்துப் பார்த்தால் மேல்படிக்கு ஏறலாம். கொண்டுவரும் நாசா திட்டம்தான் நிதி கிடைக்காமல் நின்றுபோயிருக்கிறது.

அப்புறம், 2030-இல் நாசாவின் யுரோப்பா கிளிப்பர் கலம் வியாழனைச் சேரும்போது "உயிர் தேடும் கலம்" என்று எழுதுவார்கள். அதில் உயிரைக் கண்டறியும் கருவி இல்லை. வியாழனின் நிலவான யுரோப்பாவின் பனிக்கு அடியிலுள்ள கடல் உயிர் வாழத் தகுந்ததா என்று பார்ப்பதுதான் அதன் வேலை.