மோட்டாரைப் புகையவிடும் ப்ரொப்பெல்லர் தவறுகள்

ரிமோட்டில் பறக்கவிடும் மாடல் விமானத்தின் கிளோ இன்ஜினில் (எரிபொருளில் ஓடும் சின்ன இன்ஜின்) அளவுக்கு மீறிய ப்ரொப்பெல்லரை மாட்டினால் இன்ஜின் திணறும், சுற்று இறங்கிவிடும். தவறு உடனே காதில் விழும். மின்சார மோட்டார் அப்படிக் காட்டிக்கொடுக்காது. பாரம் கூடினாலும் தன் கேவிக்கு (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற எண்) ஏற்ற வேகத்தைப் பிடிக்கப் பேட்டரியிலிருந்து ஆம்பியரை இழுத்துக்கொண்டே இருக்கும். விமானம் பிரமாதமாக ஏறுகிறதே என்று நாம் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே செப்புச் சுருளின் எனாமல் கருகிக்கொண்டிருக்கும்.

இதற்கு வழிவிடுவது பெரும்பாலும் "ஒரு இன்ச்தானே" என்ற எண்ணம். 10×5 என்றால் விட்டம் 10 அங்குலம், பிட்ச் 5 அங்குலம். பிட்ச் என்பது காற்றில் நழுவாமல் போனால் ஒரு சுற்றுக்கு ப்ரொப் முன்னேறும் தூரம். இரண்டுமே அங்குலம்தான், ஆனால் இரண்டும் ஏற்றும் பாரம் வேறு. அதே சுற்றில், தேவைப்படும் சக்தி பிட்ச்சோடு ஏறக்குறைய நேர்விகிதத்தில் கூடுகிறது. விட்டத்தோடு நான்காம் அடுக்கில் கூடுகிறது. பிட்ச்சை 5இலிருந்து 6 ஆக்கினால் சுமார் 20 சதவீதம் கூடுதல். விட்டத்தை 10இலிருந்து 11 ஆக்கினால் சுமார் 46 சதவீதம். அதாவது 11×5 ப்ரொப்புக்குப் பாரத்தில் நெருங்கிய ஜோடி 10×6 அல்ல, 10×7. பெட்டியில் கைக்குக் கிடைத்ததை மாட்டுகிறவர்கள் இந்த ஒரு கணக்கையாவது நினைவில் வைத்துக்கொண்டால் போதும், பல மோட்டார்கள் பிழைக்கும்.

பேட்டரியை மாற்றிவிட்டு ப்ரொப்பை அப்படியே விடுவது இன்னும் மோசம். 3எஸ்ஸிலிருந்து (தொடராக இணைத்த மூன்று செல்) 4எஸ்ஸுக்கு (நான்கு செல்) போனால் மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. சுற்றும் அதே விகிதத்தில் ஏறினால் ஆம்பியர் 1.8 மடங்கை நெருங்கும், வாட் இரண்டு மடங்கையும் தாண்டும். 20 ஆம்பியரில் நிம்மதியாக ஓடிய மோட்டார் 35ஐத் தொடப் பார்க்கும். செல் கூடினால் ப்ரொப் சிறியதாக வேண்டும்.

அப்புறம், பிட்ச் கூடினால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை. பாதி உண்மை. நிமிடத்துக்கு 8,000 சுற்றில் 5 அங்குல பிட்ச் தரும் கணக்கு வேகம் மணிக்கு சுமார் 61 கிலோமீட்டர். 8 அங்குலம் என்றால் 97. ஆனால் அகன்ற இறக்கையோடு மெதுவாகப் போகும் பயிற்சி விமானம் அந்த 97ஐ எட்டவே எட்டாது, காற்றின் தடை விடாது. தரையில் நிற்கும்போது அந்த அதிக பிட்ச் ப்ரொப்பின் இலைகள் ஸ்டால் ஆகி (காற்று இலையை ஒட்டி ஓடாமல் பிரிந்து), சத்தமும் ஆம்பியரும் மட்டும் கூடும், விமானத்தை முன்னே கொண்டுபோகும் இழுவை அதிகரிக்காது. பயிற்சி விமானத்துக்கும் 3டி பறப்புக்கும் (மெதுவான வேகத்தில் செய்யும் சாகசப் பறப்பு) பெரிய விட்டம், குறைந்த பிட்ச். பந்தய விமானத்துக்குத் தலைகீழ்.

"முழு த்ராட்டில் கொடுக்கவே மாட்டேன், அதனால் பெரிய ப்ரொப் பரவாயில்லை" என்பார்கள். பாதி த்ராட்டிலிலும் ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) முழு மின்னழுத்தத்தைத்தான் வெட்டி வெட்டி அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் மின்னோட்டம் உச்சிக்குப் போகிறது, ஈ.எஸ்.சி. சூடாகிறது. காற்று பலமாக அடித்து விமானம் தடுமாறும் அந்த நொடியில் கை தானாக முழு த்ராட்டிலுக்குத்தான் போகும். ஆகவே முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி, வாட் மீட்டர், அசையாமல் பிடித்துக் கட்டிய விமானம், சில நொடி முழு த்ராட்டில் என்று அளந்துவிடுங்கள். மோட்டார், ஈ.எஸ்.சி., பேட்டரி மூன்றில் எதன் வரம்பு குறைவோ, அதன் 80 சதவீதத்துக்குள் ஆம்பியர் இருந்தால் சரி. பறக்கும்போது பாரம் கொஞ்சம் குறையும்; அதை லாபம் என்று வைத்துக்கொள்ளலாம், நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

ஒரே அளவு என்பதற்காக எல்லா ப்ரொப்பும் ஒன்றல்ல. ப்ரொப் தயாரிக்கும் ஏபிசி நிறுவனம் தன் ஸ்லோ ஃப்ளை வகைக்கு (மெதுவாகப் பறக்கும் விமானங்களுக்கானது) 65,000ஐ அங்குலத்தில் சொல்லும் விட்டத்தால் வகுத்து வரும் சுற்றை உச்சவரம்பாகச் சொல்கிறது. 10 அங்குலம் என்றால் 6,500. அதைத் தாண்டினால் இலை பிய்ந்து பறக்கலாம். மின்சார ப்ரொப்பை கிளோ இன்ஜினில் மாட்டவே கூடாது, வெடிப்பின் அதிர்வை அது தாங்காது. மூன்று இலைக்கு மாறினால் விட்டத்தை ஓர் அங்குலம் குறைத்து ஆரம்பியுங்கள்.

இழுவை போதவில்லை என்று பெரிய ப்ரொப் வாங்கக் கிளம்பும் முன் இன்னொன்றையும் பாருங்கள்: ப்ரொப்பில் அளவு எண் பொறித்த முகம் விமானம் போகும் திசையைப் பார்த்திருக்கிறதா? பின்னாலிருந்து தள்ளும் புஷர் விமானத்திலும் அதே விதிதான். அங்கேதான் மோட்டாரைப் பார்த்தபடி மாட்டுவதா, விமானத்தைப் பார்த்தபடி மாட்டுவதா என்று குழம்பித் திருப்பி மாட்டிவிடுகிறார்கள். திருப்பி மாட்டினாலும் காற்று அதே பக்கம்தான் போகும், விமானமும் ஒருவழியாக எழும்பும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.